வணக்கத்துக்கு முந்தி ஒரு சிரிப்பு

ஜனவரி 6, செவ்வாய்

கீச்சான்,

இந்த வருஷமும் உன் பேருக்கு டைரி வந்திருக்கு. வானொலி நிலையத்தில் வருஷாவருஷம் கொடுக்கிற அதே பச்சை அட்டை. செத்துப்போன ஆளுக்கு எதுக்குன்னு அங்கே யாரும் யோசிக்கலை போல. நீ ஒரு வருஷமும் இதில் ஒரு வரி எழுதினதில்லை. வாங்கிட்டு வந்து பீரோ மேலே போடுவே, அதோட சரி. இந்த வருஷம் நான் எழுதப் போறேன். ஏழாங்கிளாஸ் வரைதான் படிச்சேன். தப்பு இருந்தா சிரிக்கக்கூடாது.

நாலு பேர் முன்னாடி உன்னை நீங்கன்னுதான் சொல்வேன். கதவைச் சாத்தினாத்தான் நீ. கதவைச் சாத்தினாத்தான் கீச்சான். இதுவும் சாத்தின கதவுதானே.

ஊருக்கு உன் குரல் கோயில் மணி. "ஞானதிரவியம் சார் வாசிச்சா மழை வராதுன்னு சொன்னாக்கூட கேக்க நல்லாருக்கு"ன்னு நான் வேலை பார்க்கிற உப்புக் கம்பெனியில் சொல்வாளுக. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டும்போது அந்தக் குரலையும் கழட்டி ஆணியில் மாட்டிருவே. அப்புறம் வர்றது கீச்சுக் குரல். சிரிச்சா அணில் கத்துற மாதிரி இருக்கும். அது எனக்கு மட்டும்தான் தெரியும். உங்க அம்மைக்கே மறந்து போயிருந்தது.

இன்னைக்கும் விடியக்காலம் நிலையம் திறக்கும்போது நீ வந்தே. இசை முடிஞ்சதும் நீயும் உன்கூட வாசிக்கிற அந்த வேதவல்லியும் சேர்ந்து "வணக்கம்" சொன்னீங்க. அவ ஊர்ப்பேரைச் சொன்னா. நீ "இன்றைய ஒலிபரப்பு ஆரம்பமாகிறது"ன்னு முடிச்சே. என்னைக்கோ பதிஞ்சு வச்சது. உன்னை அடக்கம் பண்ணின மறுநாளும் அதுதான் ஒலிச்சது. துக்கத்துக்கு வந்து தங்கினவங்க எல்லாம் அலறிட்டாங்க. நான் அழலை. ரேடியோவைத் துடைச்சு வச்சேன்.

ஆனா நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வணக்கம் சொல்றது எனக்குப் பிடிக்கலை. நீ உயிரோட இருக்கும்போதும் பிடிக்கலை. நாம ரெண்டு பேரும் ஒரு வார்த்தையைச் சேர்ந்து சொல்லியிருக்கோமா? கல்யாணத்தில்கூட போதகர் தனித்தனியாத்தான் சொல்ல வச்சார்.

ஜனவரி 9, வெள்ளி

எதிர்வீட்டு ஜெயசீலி அக்கா நீ வர்ற நேரம் பார்த்து மிக்சி போட்டுட்டா. நம்ம ரேடியோவில் கர்ருன்னு இரைச்சல். நீ வந்ததே தெரியலை. தெருவில் நின்னு கத்தினேன்.

"யக்கா, அந்தச் சட்னியைக் கொஞ்சம் பொறுத்து அரைச்சா என்ன?"

"ஏட்டி, எங்க வீட்டு அத்தான் முதல் பஸ்ஸுக்குப் போணும். உன் வீட்டுக்காரருக்கு என்ன, அவரு நாளைக்கும் அதையேதான சொல்லுவாரு!"

சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு அந்தச் சட்னியில் ஒரு கிண்ணம் வந்தது. நல்லாத்தான் இருந்தது.

ஜனவரி 13, செவ்வாய்

எனக்கு வயிறு எரியுது கீச்சான். என்னன்னு சொல்றேன் கேளு.

நாடு முழுக்க ரேடியோவை மாத்தப் போறாங்களாம். இப்ப வர்ற பழைய அலையை நிறுத்திட்டு டிஜிட்டல்னு புது மாதிரி அனுப்புவாங்களாம். ஒரேநாளில் இல்லை, ஊர் ஊரா. நம்ம பக்கத்துக்கு எந்தத் தேதியில் மாத்தலாம், மாத்தினா யாருக்கு என்ன கஷ்டம்னு கேக்க மார்ச் மாசம் ஒரு குழு வருதாம். அதுவரைக்கும் பழசும் புதுசும் ரெண்டும் ஓடும். புதுசு எப்படிக் கேக்குதுன்னு சோதிச்சுப் பார்க்க சில வீட்டுக்குப் புது ரேடியோப் பெட்டி இனாமாக் கொடுக்கிறாங்க. நம்ம தெருவில் ஒண்ணு.

யாருக்குன்னு நினைக்கே? ஜெயசீலி அக்காவுக்கு! வெள்ளிக்கிழமை சீரியலைத் தவிர வேற ஒண்ணும் தெரியாத பொம்பளை.

பெட்டி கொண்டு வந்தது சக்திகுமார் சார்தான். உன்னை அண்ணாச்சி அண்ணாச்சின்னு கூப்பிடுவாரே, அந்த இன்ஜினியர். "நானும்தான சார் பேரு குடுத்தேன்"னு கேட்டேன்.

"மைனி, நிலைய ஆட்கள் குடும்பத்துக்குக் குடுக்கக் கூடாதுன்னு விதி"ன்னார்.

"உயிரோட இருக்கும்போது அவிய தினக்கூலி கேஷுவல்தான், ஸ்டாஃப் இல்லன்னிய. செத்த பொறவு ஸ்டாஃப் ஆக்கிட்டியளோ?"

அவர் ஒயரைச் சுத்திக்கிட்டே இருந்தார்.

ஜனவரி 14, புதன்

காலையில் ஒரு அதிசயம். நம்ம பெட்டியில் நீ வணக்கம் சொல்லி, ஒலிபரப்பு ஆரம்பமாகிறதுன்னு முடிச்சே. நான் எழுந்து அடுப்பைப் பத்த வைக்கப் போனேன். அப்போ எதிர்வீட்டில் நீ வணக்கம் சொல்றே!

யாரோ வேணும்னே உன்னை மாதிரி பேசிக் கிண்டல் பண்றாங்கன்னு வாசலுக்கு ஓடினேன். இல்லை, அவ பெட்டிதான். புதுசு கொஞ்சம் தாமதிச்சுத்தான் பேசுமாம். உள்ளே அரைச்சுக் குழைச்சு அனுப்புறதால் அப்படின்னு அவ சொன்னா, சக்திகுமார் சார் சொன்னாராம்.

அடுப்பு முன்னாடி உக்காந்து யோசிச்சேன். நம்ம வீட்டில் பேசி முடிச்சுட்டு, தெருவைத் தாண்டி, அவ வீட்டுக்குப் போயிருக்கே. அப்படித்தானே?

ஜனவரி 15, வியாழன்

மறுபடியும் அதே. இங்கே முடிச்சு, அங்கே.

ஜனவரி 20, செவ்வாய்

ஜெயசீலி அக்கா தண்ணிக் குழாய்க்கிட்ட நின்னு எல்லார்கிட்டயும் சொல்லுதா: "ஞானதிரவியம் எங்க வீட்டுல என்ன தெளிவா இருக்காரு தெரியுமா? பக்கத்துல சேர் போட்டு உக்காந்து பேசுத மாதிரி. மிக்சி போட்டாக்கூட ஒரு இரைச்சல் கிடையாது."

எல்லாரும் என்னைப் பார்த்தாளுக. நான் குடத்தை மட்டும் பார்த்தேன். நம்ம வீட்டில் நீ எப்பவும் சாக்குக்குள்ள இருந்து பேசுற மாதிரிதான். பெட்டியை அரிசி டிரம் மேலே வச்சுக் கிழக்கே திருப்பினாத்தான் கொஞ்சமாச்சும் வருவே.

ஜனவரி 27, செவ்வாய்

போகக்கூடாதுன்னுதான் இருந்தேன். போயிட்டேன். கறிவேப்பிலை கேக்கிற சாக்கில், நீ வர்ற நேரத்துக்கு அவ அடுக்களையில் நின்னேன்.

இசை முடிஞ்சது. இப்போ வணக்கம்னு நான் மூச்சைப் பிடிச்சேன். அதுக்கு முந்தி ஒரு சத்தம். சின்னது. "க்ஹி"ன்னு. அப்புறம்தான் வணக்கம்.

கையில் இருந்த கறிவேப்பிலை கீழே விழுந்துட்டு.

அது நீ. ரேடியோவில் பேசுற நீ இல்லை. ஆணியில் குரலை மாட்டின பிறகு வர்ற நீ. அணில். என் கீச்சான். நம்ம பழைய பெட்டியில் இத்தனை காலமும் அது இரைச்சலுக்குள்ள அமுங்கிக் கிடந்திருக்கு.

"என்னட்டி, மூஞ்சி வெளுத்துட்டு?"ன்னா ஜெயசீலி அக்கா.

"இப்ப ஒரு சத்தம் வந்துச்சே."

"அதா? தினமும் வருது. எலியோ என்னவோன்னு முதல் நாள் பெட்டிக்கு அடியில குனிஞ்சு பாத்தேன்."

எலி!

வீட்டுக்கு வந்து உக்காந்துட்டேன். கம்பெனிக்குப் போகலை. போட்டோ மட்டும்தான் மிச்சம், போட்டோவில் குரல் வராதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். உன் வீட்டுக் குரலும் உலகத்தில் மிச்சம் இருக்கு. சந்தோஷமா இருந்தது. மத்தியானம் வரைக்கும் சந்தோஷம்தான்.

மத்தியானத்துக்கு மேலேதான் அது தோணிச்சு. அந்தச் சிரிப்பு வெளியே வராதே. என் முன்னாடி மட்டும்தானே வரும். அந்த ரூமில் மைக் முன்னாடி உன் பக்கத்தில் உக்காந்து இருந்தது யாரு?

ஜனவரி 28, புதன்

வேதவல்லி.

பிப்ரவரி 1, ஞாயிறு

கோயிலில் என்ன பாடினாங்கன்னு தெரியலை. அவ எப்படி இருப்பான்னு நினைச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். உன் அடக்கத்துக்கு வந்தா. உள்ளே வரலை. தெருவுக்கு அந்தப் பக்கம், மின்கம்பத்துக்கிட்ட நின்னா. வெள்ளைச் சேலை இல்லை, நீலம். கண்ணாடி போட்டிருந்தா. அப்போ எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்லை. இப்போ அந்தச் சேலைக் கரைகூட ஞாபகம் வருது.

"மேடம் ரொம்ப நல்லவங்க"ன்னு ஒருநாள் சொன்னே. அதுக்கு நான் ரெண்டு நாள் குழம்பில் உப்புப் போடலை. உப்புக் கம்பெனிக்காரி வீட்டில் உப்பில்லாக் குழம்பு. நீயும் வாயைத் திறக்காமச் சாப்பிட்டே.

பிப்ரவரி 4, புதன்

சக்திகுமார் சார் எதிர்வீட்டுக்கு வந்தார். பெட்டி எப்படிக் கேக்குது, குறை என்னன்னு கேட்டு எழுதிக்கிட்டார். நான் அங்கேதான் இருந்தேன். இப்பவெல்லாம் தினமும் அங்கேதான் இருக்கேன். ஜெயசீலி அக்கா கிண்டல் பண்ணுதா: "எங்க அத்தான் முழிக்கதுக்கு முந்தி உன் அத்தானுக்கு வந்து நிக்கே!"

அவகிட்ட ஒரு குறையும் இல்லையாம். என்னைப் பார்த்து, "மைனி, நீங்க ஏதாவது?"ன்னார்.

ஏதோ சொன்னேன்.

ஜெயசீலி அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. அவர் எழுதிக்கிட்டுப் போயிட்டார்.

பிப்ரவரி 5, வியாழன்

பாக்கெட் தைக்கிற மிஷின் ரிப்பேர். சீக்கிரம் வந்துட்டேன். வீட்டில் ஒரே கறையான்.

பிப்ரவரி 9, திங்கள்

கம்பெனியில் இந்த மாத்துற பேச்சுதான். உப்பளத்தில் வேலை செய்றவங்க எல்லாரும் பழைய பெட்டிதான் வச்சிருக்காங்க. பாத்தி மேட்டில் குச்சி நட்டு அதில் தொங்கவிட்டுப் பாட்டுக் கேப்பாங்க. மழை வருதா, காத்து எப்படின்னு நீ வாசிச்சதை அப்படித்தான் கேட்டாங்க. மாத்தினா அந்தப் பெட்டியெல்லாம் சும்மா டப்பா.

"மார்ச்சுல குழு வரும்போது எல்லாரும் போயி கூடாதுன்னு சொல்லணும்"னு மாரிக்கனி சொல்லுதா. என் பக்கத்து மிஷின்காரி. "புஷ்பம், நீதான் முன்னால நிக்கணும். ரேடியோக்காரர் பெண்டாட்டி நீ சொன்னா எடுபடும்."

சரின்னு தலையாட்டினேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

இல்லை.

இன்னைக்கு அது வரலை.

இசை முடிஞ்சது. நேரா வணக்கம். முன்னாடி ஒண்ணும் இல்லை. துடைச்ச தரை மாதிரி சுத்தமா இருந்தது.

"ஏட்டி, எலி போயிட்டு"ன்னா ஜெயசீலி அக்கா. சிரிக்கலை. அவ என் முகத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னா: "அன்னைக்கி நீதான சொன்ன, ஆரம்பத்துல ஏதோ கீச்சுச் சத்தம் வருது, கேக்க நல்லால்ல, எடுத்துருங்கன்னு?"

நான் அவ வீட்டுப் பூனையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"எதுக்குட்டி அப்படிச் சொன்ன?"

எல்லாரும் கேக்காங்களே யக்கா, அவ முன்னாடி சிரிச்சதை ஊரே கேக்குதேன்னு சொல்லத் தோணிச்சு. சொல்லலை. "வேலைக்கு நேரமாச்சு"ன்னு வந்துட்டேன்.

பிப்ரவரி 18, புதன்

லெந்து நாள் ஆரம்பம். இந்த நாற்பது நாளும் ஆளுக்கு ஒரு கெட்ட குணத்தை விடணும்னு போதகர் சொன்னார். கோபம், புறங்கூறுதல், பொறாமைன்னு ஒவ்வொண்ணாச் சொன்னார்.

நான் காபியை விட்டிருக்கேன்.

பிப்ரவரி 21, சனி

இன்னைக்கும் இல்லை. எல்லா வார்த்தையும் இருக்கு. நீ மட்டும் இல்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

போனேன்.

நீ இருக்கும்போது ஒருநாளும் நிலையத்துக்குள்ள நான் வந்ததில்லை. வாசலில் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துட்டுத் திரும்பிருவேன். இன்னைக்கு வாட்ச்மேன் என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்னார். கூச்சமா இருந்தது.

அவ ஒரு சின்ன ரூமில் இருந்தா. நான் நினைச்சு வச்சிருந்த மாதிரி இல்லை. தலை பாதி நரைச்சிருக்கு. காலில் வீக்கம், செருப்பைக் கழட்டி வச்சிருந்தா. மேஜை மேலே டிபன் பாக்ஸில் ரெண்டு இட்லி, தொடாம இருந்தது. பேசினப்பதான் அவ. வாயைத் திறந்ததும் ரேடியோ.

"உட்காருங்க தங்கபுஷ்பம்."

என் பேர் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நீதான் சொல்லியிருப்பே.

"வணக்கம் சொல்றதுக்கு முன்னாடி ஒரு சத்தம் வந்துச்சு மேடம். இப்ப வரலை"ன்னேன்.

அவ கண்ணாடியைக் கழட்டி மேஜையில் வச்சா. "யாரோ நேயர் குறை சொல்லியிருக்காங்க. இவ்வளவு காலமா பழைய அலையில அது யாருக்கும் கேக்கலை. டிஜிட்டல்ல கேட்டிருக்கு. புது முறைக்குப் போறதுக்கு முன்னாடி பழசையெல்லாம் சுத்தம் பண்ணணும்னு மேலே உத்தரவு வேற. எடுத்துட்டாங்க." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கிட்டு, "யாரு அந்தப் புண்ணியவதியோ"ன்னா.

நான் இட்லியைப் பார்த்தேன்.

"அன்னைக்கு ரெண்டு தடவை பதிஞ்சோம்"னா. "ரெண்டாவது சுத்தமா வந்தது. அதைத்தான் போட்டிருக்கணும். நான்தான் சிரிப்பு இருக்கிறதைப் போட்டேன்."

"எதுக்கு?"

"நல்லா இருந்தது."

அவ்வளவுதான் சொன்னா. நல்லா இருந்ததாம். எனக்குத் தெரியாதா நல்லா இருக்கும்னு?

"அடக்கத்துக்கு வந்தீங்க. ஏன் உள்ளே வரலை?"ன்னு கேட்டுட்டேன். அதைக் கேக்க நான் போகலை. வாயில் வந்துட்டு.

அவ செருப்பைத் தேடிக் காலை நீட்டினா. "உள்ளே வந்தா, நான் யாருன்னு வருவேன்?"

எனக்கு ஒண்ணும் புரியலை. புரிய வேண்டாம்.

அப்புறம் அவ கம்ப்யூட்டரைத் தட்டினா. அந்தச் சிரிப்பு வந்தது. ரூம் முழுக்க. நாங்க ரெண்டு பேரும் அதைக் கேட்டோம். இன்னொரு தடவை போட்டா. நான் அவளைப் பார்த்தேன், அவ சுவரைப் பார்த்தா.

"யாரைப் பார்த்துச் சிரிச்சாங்க?"ன்னேன்.

"அதைத்தான் நான் உங்ககிட்டக் கேக்கணும்னு இருந்தேன்"னா. "என்னைப் பார்க்கலை. ஸ்டூடியோக் கண்ணாடிக்கு வெளியேயும் யாருமில்லை. திடீர்னு சிரிச்சார். என்ன சார்னு கேட்டதுக்கு, ஒண்ணுமில்லை மேடம், வீட்டு விஷயம்னார். அப்படி ஒரு சிரிப்பு அவருக்கு இருக்குன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அதுக்கு அப்புறமும் நான் கேக்கலை. என்ன விஷயம்?"

அவ முகத்தில் ஒரு பசி இருந்தது கீச்சான். அந்தப் பசி எனக்குத் தெரியும். ஜெயசீலி அக்கா அடுக்களையில் நான் நிக்கும்போது என் முகத்தில் இருந்தது.

எனக்குத் தெரியாது. ஆனா, "ஆமா, எனக்குத் தெரியும்"னு சொன்னேன்.

"சொல்லலாம்னா..."

"அது வீட்டு விஷயம்"ன்னேன்.

தலையை ஆட்டிக்கிட்டா. ஒரு பென் டிரைவை எடுத்து, "இதுல போட்டுத் தரட்டுமா?"ன்னா. வேண்டாம்னுட்டேன். அவ கையால் உன்னை வாங்கவா? அதோட, எப்ப அமுக்கினாலும் வர்றது நீ இல்லை. நீ நேரத்துக்கு வர்ற ஆளு.

"காலையில பழையபடி போடுங்க மேடம். அதுதான் கேக்கேன்."

"நான் சொன்னா எடுபடாது. எனக்கு எதுக்கு அவ்வளவு அக்கறைன்னு கேப்பாங்க. முன்னாடியே கேட்டிருக்காங்க." குரலைத் தாழ்த்தினா. "குறை சொன்னவங்களே குழு முன்னாடி வந்து, அது வேணும்னு சொன்னா போடலாம். நேயர் விருப்பம்னு ஆயிடும்."

பஸ்ஸில் வரும்போது நினைச்சேன். வீட்டு விஷயம்னு நீ நிஜமாவே சொன்னியா? இல்லை, என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு அவளாச் சொன்னாளா? சொல்லும்போது அவ என் கண்ணைப் பார்க்கலை.

பிப்ரவரி 25, புதன்

ஜெயசீலி அக்காகிட்டச் சொன்னேன். எல்லாம் இல்லை, பாதி. குறை அவ பெட்டியில், அவ பேரில்தான் எழுதியிருக்கு. "நீ ஆப்பு அடிச்சுட்டு என்னைப் பிடுங்கச் சொல்லுதியாக்கும்"னா. அப்புறம், "காபி குடிக்கியா?"ன்னா. லெந்துன்னேன். "அப்ப உனக்கு இன்னும் நாலு நாள்ல கிறுக்குப் பிடிக்கும்"னா.

கூட்டத்துக்கு வர்றேன்னு மட்டும் சொல்லலை.

மார்ச் 3, செவ்வாய்

மாரிக்கனி தெருத்தெருவா ஆள் சேர்க்கா. பழைய அலையை நிறுத்தாதேன்னு அட்டை எழுதி வச்சிருக்கா. என் கையில் பெரிய அட்டையைக் கொடுத்தா. வாங்கிக்கிட்டேன். பழைய பெட்டியில் உன் சிரிப்பு கேக்காதுன்னு அவகிட்ட எப்படிச் சொல்ல?

மார்ச் 10, செவ்வாய்

கூட்டம் முடிஞ்சு இப்பதான் வந்தேன். சேலைகூட மாத்தலை, அவசரமா எழுதுறேன். எழுத்து கோணலா இருக்கும்.

நகராட்சி மண்டபம் நிறைய ஆள். மேடையில் சென்னையில் இருந்து வந்த ஆபீசர்கள் மூணு பேரு, ஓரத்தில் சக்திகுமார் சார். வேதவல்லி கடைசி வரிசையில் உக்காந்திருந்தா. அதே நீலச் சேலை.

ஆபீசர் ஒருத்தர் படம் போட்டுச் சொன்னார். புதுசில் சத்தம் தெளிவா இருக்குமாம், கரண்டு குறைவாச் செலவாகுமாம், ஒரே அலையில் ரெண்டு மூணு நிகழ்ச்சி அனுப்பலாமாம், புயல் வந்தா எச்சரிக்கை தானா வருமாம். நம்ம பக்கத்தை முதல் கட்டத்தில் சேர்க்கலாமா, கடைசிக் கட்டத்துக்குத் தள்ளலாமான்னு கேட்டார்.

கடல்காரங்க எழுந்து கத்தினாங்க. மாரிக்கனி எழுந்தா. "தெளிவாக் கேட்டு என்ன சார் செய்ய? பெட்டி யாரு வாங்கித் தருவா? எங்க பெட்டி உப்புக் காத்துல துருப்பிடிச்சும் பாடுது. உங்க பெட்டி பாடுமா?" மண்டபமே கைதட்டிச்சு. "எங்க ரேடியோக்காரர் பெண்டாட்டியே வந்திருக்கா, அவளைக் கேளுங்க"ன்னு என்னை இழுத்து நிறுத்தினா.

மைக்கை என் கையில் கொடுத்தாங்க. நீ தினமும் பிடிச்ச சாமான். இவ்வளவு கனமா இருக்கும்னு நீ சொன்னதே இல்லை.

"மாத்துங்க சார்"னு சொன்னேன்.

மாரிக்கனி என் கையில் இருந்த அட்டையைப் பிடுங்கிட்டா. "துரோகி"ன்னு சொன்னா, மெதுவாத்தான், ஆனா மைக்கில் விழுந்துட்டு.

"மாத்துங்க. ஆனா இவ சொன்ன மாதிரி உப்பளத்துக்கும் படகுக்கும் பெட்டி குடுத்துட்டு மாத்துங்க. எல்லார் கையிலும் பெட்டி வர்ற வரைக்கும் பழசை நிறுத்தாதீங்க. அதுல ஒண்ணு எனக்கு வேணும். புதுசுலதான் எங்க வீட்டு அத்தான் முழுசா இருக்காங்க." மைக்கை அடுத்த கைக்கு மாத்தினேன். "இருந்தாங்க. இப்ப வெட்டிட்டீங்க."

ஆபீசர் ஒண்ணும் புரியாமச் சக்திகுமார் சாரைப் பார்த்தார். அவர் எழுந்து, காலை அறிவிப்பில் ஒரு சத்தம், நேயர் குறை, எடுத்துட்டோம்னு சொன்னார். "குறை சொன்ன நேயர் யாரு? வந்திருக்காங்களா?"ன்னு கேட்டார் ஆபீசர். சக்திகுமார் சார் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். வேதவல்லியும் கடைசி வரிசையில் எழுந்து நின்னுட்டா.

நான் வாயைத் திறக்கப் போனேன். பின்னாடி இருந்து ஒரு சத்தம்.

"நான்தான் சார்! ஜெயசீலி. என் பெட்டி, என் குறை. காலங்காத்தால சட்னி அரைச்சுக்கிட்டே கேட்டனா, மிக்சி பிளேடு கத்துதுன்னு நினைச்சுட்டேன். பாத்தா அது மனுஷன் சிரிப்பு. அது இல்லாம இப்ப எனக்குச் சட்னியே இறங்கமாட்டேங்கு. திருப்பிப் போட்ருங்க!"

மண்டபம் வெடிச்சுச் சிரிச்சது. ஆபீசரும் சிரிச்சுட்டார். "நேயர் விருப்பம்னு எழுதிக்கோங்க"ன்னார்.

வெளியே வந்ததும் அவ கையைப் பிடிச்சேன். "விடுட்டி, உன் கை எல்லாம் ஈரம்"னு உதறிட்டா. மாரிக்கனி என்னோட பஸ் ஏறலை, அடுத்த பஸ்ஸுக்கு நின்னா. வேதவல்லி எதிர்ப்பக்கம் மின்கம்பத்துக்கிட்ட நின்னு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினா. நம்ம வீட்டுக்கு எதிரே அன்னைக்கு நின்ன மாதிரியே.

வாங்கன்னு கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடலை. அதுக்கு இன்னும் எனக்கு மனசு வரலை கீச்சான். இவ்வளவுதான் நான்.

மார்ச் 12, வியாழன்

மாரிக்கனி பேசலை. மிஷினை மட்டும் என் பக்கத்தில் இருந்து தள்ளிப் போட்டுக்கிட்டா.

மார்ச் 17, செவ்வாய்

மாரிக்கனி ஒரு வார்த்தை பேசினா. "ஊசி."

கொடுத்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

தேதி தள்ளிப் போயிட்டாம். நம்ம பக்கம் கடைசிக் கட்டம். பெட்டி கொடுத்த பிறகுதான் பழசை நிறுத்துவாங்களாம். பேப்பரில் போட்டிருக்குன்னு கம்பெனியில் வாசிச்சாங்க. மாரிக்கனி தன் டிபனில் இருந்து ஒரு கருவாட்டுத் துண்டை என் தட்டில் வச்சா. லெந்துன்னு சொல்லலை, தின்னுட்டேன்.

மார்ச் 26, வியாழன்

கீச்சான்,

வந்துட்டே.

இன்னைக்கு விடியக்காலம் நம்ம பழைய பெட்டியை அரிசி டிரம் மேலே வச்சுட்டு, கதவைத் திறந்து போட்டு, வாசல்படியில் உக்காந்தேன். முதல்ல நம்ம வீட்டில் வந்தே, சாக்குக்குள்ள இருந்து. அப்புறம் தெருவைத் தாண்டிப் போனே. ஜெயசீலி அக்கா மிக்சியை நிறுத்திட்டுப் பெட்டியை என் பக்கம் திருப்பி ஜன்னலில் தூக்கி வச்சிருந்தா. இசை முடிஞ்சது. "க்ஹி." அப்புறம் வணக்கம்.

அந்நேரம் வேதவல்லியும் அந்த ரூமில் கேட்டிருப்பா. கேக்கட்டும். உன் வணக்கத்தில் பாதி அவளோடது, அதை இனி நான் ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா சிரிப்பு என்னோடதுன்னு அவகிட்டச் சொல்லிட்டு வந்துட்டேன். சொல்லிட்டு வந்தாச்சே தவிர, எனக்கு ஒண்ணும் தெரியலை. நாள் முழுக்கப் பாக்கெட் தைச்சுக்கிட்டே யோசிச்சுப் பார்த்தேன். உன் சட்டைப் பையில் நான் பல்லி பொம்மை வச்ச நாளா? உங்க அம்மை பல்செட் சாம்பாரில் விழுந்த நாளா? நான் உன் மேலே கோபப்பட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளிஞ்சு அப்படியே தூங்கிப்போன நாளா? உப்பில்லாக் குழம்பா?

அவ சொன்ன மாதிரி நீ நிஜமாவே வீட்டு விஷயம்னு சொல்லியிருந்தா, அன்னைக்கு அந்த மைக் முன்னாடி என்னைப் பத்தி எதை நினைச்சுச் சிரிச்சே, கீச்சான்?